நாலு மணிக்குத் தொடங்கும் இங்கிலாந்து

1

எங்கள் வீட்டில் பின்னேரம் நாலு மணிக்கு இங்கிலாந்து தொடங்கும்.

வீடு என்னவோ பாரிசுக்கு வடக்கே, வில்லியே லே பெல்லில், ஒரு அடுக்குமாடியின் ஆறாவது தளத்தில்தான் இருக்கிறது. லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. மேல்வீட்டில் யாரோ வருசக்கணக்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், என்னத்தைத்தான் கொழுவப் போகிறார்களோ தெரியாது. இந்த அமளிக்குள்ளும் நாலு மணியானால் என் மனிசி வதனா தண்ணியைக் கொதிக்க வைத்து, மூக்கு வைத்த பீங்கான் பாத்திரத்தில் தேயிலையைப் போட்டு, அந்தப் பாத்திரத்துக்குக் கம்பளி நூலில் பின்னிய தொப்பி ஒன்றையும் மாட்டிவிடுவாள். ஆடி மாத வெக்கையில் நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்போம். பாத்திரம் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கும்.

வாசலில் முழங்கால் மட்டும் வருகிற பச்சை றப்பர் சப்பாத்து இரண்டு சோடி நிற்கிறது. சேறு மிதிக்கிறதுக்கு. எங்கள் தொடர்மாடியைச் சுற்றி மருந்துக்கும் சேறு கிடையாது, எல்லாம் சீமெந்து. பல்கனியில் ஒரு சாடிக்குள் ரோசாச் செடி. இரவு படுக்கப் போக முன்னம் சுடுதண்ணி ஊற்றிய றப்பர்ப் பை ஒன்று என் காலடிக்குள் வரும். எனக்கு அது பிடிக்காது, நித்திரையில் யாரோ காலைப் பிடிக்கிறார்கள் என்று திடுக்கிட்டு எழும்புவேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், வெளிநாட்டுக்காரன் என்றால் முருங்கைக்காய்க்கும் பனங்கட்டிக்கும் ஏங்கிச் சாவான் என்று நினைப்பீர்கள். அந்தக் கவலை எங்களுக்கு இல்லை. எங்கள் ஆட்களின் கடைத்தெரு இருக்கிற லா சப்பல் மெத்ரோவில் இறங்கினால் முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, பனங்கட்டி ஓலைக் குட்டானோடு இருக்கிறது, ஒடியல் மாவுக்கு மூன்று கடை போட்டி போடுகிறது. என் மனிசி ஏங்குவது ருபார்ப் என்ற ஒரு சிவப்புத் தண்டுக்கு. பச்சையாகக் கடித்தால் பல் கூசும். சீனி கொட்டி அவித்துத்தான் அதைத் தின்ன வேண்டும். அதற்காகக் கண் கலங்குகிற யாழ்ப்பாணத்துப் பெண் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் இங்கிலாந்தை விட்டுத் திரும்பி வந்து இந்தப் பங்குனியோடு ஐந்து வருசம். அந்த ஐந்தாவது வருசம்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

2

நான் பாரிசுக்கு அகதியாக வந்தவன். வதிவிடக் கார்து கிடைத்து, பிறகு பிரெஞ்சுப் பாஸ்போட்டும் கிடைத்தபோது எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இங்கிலீசு படிக்கும் என்பது ஒரே காரணம். அந்தக் காலத்தில் இந்தப் பாஸ்போட்டைக் காட்டினால் போதும், எவ்வளவு காலமும் அங்கே இருக்கலாம். வதனா யாழ்ப்பாணத்தில் ரியூட்டரியில் இங்கிலீசு படிப்பித்தவள். பிரெஞ்சு அவளுக்கு வாயில் நுழையவில்லை, அல்லது அவள் நுழைய விடவில்லை. எங்கள் மகள் மயூரிக்கு அப்போது ஆறு வயது.

லண்டனில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கடை. ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, எண்ணி நூறு வீடு, எண்ண முடியாத செம்மறி. கடையில் பால், பேப்பர், முத்திரை, நாய்க்கு பிஸ்கற். மேலே நாங்கள் குடியிருந்தோம். ஒன்பது வருசம்.

அந்த ஒன்பது வருசமும் வதனா சொன்ன குறையை எழுதினால் இந்தச் சஞ்சிகை போதாது. குளியலறைக்குள் கம்பளம் விரித்திருக்கிறார்கள், இதென்ன சனம். ஒரே குழாயில் சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் வராது, ஒரு கை வேகும், மறு கை விறைக்கும். உருளைக்கிழங்கை அவித்து, அதற்குப் பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு வைக்கிறார்கள். "இஞ்சை ஒரு கோயில் இருக்கோ? ஒரு சாறிக்கடை இருக்கோ? நான் செத்தால் தூக்கிறதுக்கு நாலு தமிழர் இருக்கினமோ?" என்று கேட்பாள். எந்தக் கதையும் "லா சப்பலிலை எண்டால்" என்றுதான் தொடங்கும்.

ஆகவே ஒரு நாள் நான் சொன்னேன்: "சரி, உம்மடை விருப்பத்துக்கு வருவம். கடையைக் குடுத்திட்டுப் பாரிசுக்குப் போவம்."

அவள் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. சந்தோசத்தில் வாயடைத்துப் போனாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த முதல் கிழமை லா சப்பலில் அவள் ஏறி இறங்காத கடை இல்லை. இரண்டாவது கிழமை மீனை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "அங்கை எண்டால் இந்த நேரம் பறவையள் கத்தும்" என்றாள். அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. குறை சொன்ன குளியலறைக் கம்பளம்கூட இப்போது காலுக்கு இதமாக இருந்ததாம். முப்பது வருசம் கூட இருந்தும் ஒன்று எனக்கு விளங்காமல் போயிற்று: குறை சொல்வது வதனாவுக்கு ஓரிடத்தில் குடியிருக்கிற முறை. பிடிக்காத இடத்தைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. பாரிசைப் பற்றி அவள் ஒரு குறையும் சொன்னதில்லை.

3

இப்போது என்னைப் பற்றி.

லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. காலையில் சாமான் இறக்கிறது, கணக்குப் பார்க்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் இரண்டு கதிரையும் போடுவேன். சனம் கடிதத்தோடு வரும். வதிவிடக் கார்து கொடுக்கிற பிரிபெக்சரில் இருந்து வந்த கடிதம், வரிக் கந்தோர்க் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம். உடைக்காமலே கொண்டுவருவார்கள், உடைத்தால் உள்ளே இருக்கிறது உண்மையாகிவிடும் என்று பயம். நான் உடைத்து, வாசித்து, பதில் எழுதி, பத்திரங்களைச் சேர்த்துத் தொசியே கட்டி, கந்தோரில் நேரம் கேட்டு ரொந்தேவு எடுத்துக் கொடுப்பேன். முதலாளிக்கு இதில் சந்தோசம், கடிதத்தோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. எனக்குக் கடிதக்கார அண்ணை என்று பெயர்.

காரணம் எழுதுவதில்தான் என் கெட்டித்தனம். ஏன் பிந்தினாய், ஏன் வரவில்லை, ஏன் அறிவிக்கவில்லை என்று அரசாங்கம் எப்போதும் ஏதோ ஒரு ஏன் கேட்டுக்கொண்டிருக்கும். சோம்பேறித்தனத்தால் பிந்தியவனுக்கு நான் நாரிப்பிடிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறந்துபோனவனுக்குத் துக்கவீடு எழுதியிருக்கிறேன்.

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுக் கழன்றபோது நாங்கள் இன்னும் கிராமத்தில்தான் இருந்தோம். அங்கே இருக்கிற பிரெஞ்சுப் பாஸ்போட்காரர் எல்லோரும் தொடர்ந்து இருக்கிற உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். காசு கிடையாது. போனில் பத்து நிமிச வேலை. உடனே எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை பரவியது. அங்கே பதிந்தால் பிரான்ஸ்காரன் பிரஜாவுரிமையை வெட்டிவிடுவான், ஒரு வீட்டில் வெட்டியே போட்டானாம். யார் வீட்டில் என்று கேட்டால் மச்சானின் சிநேகிதனின் வீட்டில். முன்னம் பாரிசில் என்னிடம் கடிதம் எழுதுவித்து, பிறகு லண்டனுக்குப் போன பழைய ஆட்கள் பயந்து எனக்குப் போன் எடுத்தார்கள். இதெல்லாம் சுத்தப் பம்மாத்து, பேசாமல் போடுங்கோ என்று ஏசி, பதினாறு பேருக்கு நானே போனில் இருந்து சொல்லிச் சொல்லிப் போடுவித்தேன். பதினாறு பேருக்கும் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்குப் போடவில்லை.

வதனா கேட்டாள், "எங்கடையைப் போட்டாச்சோ?"

"ஓம்."

பிறகு ஒருதரம், "வந்திட்டுதோ?"

"ஓம், வந்திட்டுது."

"ஒரு கார்து, ஒரு பேப்பர் ஒண்டும் தரேல்லையோ?"

"எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளை இருக்கு."

அது பொய்யில்லை. அந்த உரிமைக்கு உண்மையிலேயே அட்டை கிடையாது. கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்துப் படுத்த எங்கள் சனத்துக்குக் கடதாசியே இல்லாத ஒரு உரிமையைக் கொடுத்தால், என்னைப் போன்றவர்கள் பொய் சொல்லாமல் என்ன செய்வார்கள். போட நேரமில்லை, கடை கைமாறுகிற அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிசம்.

4

சென்ற தையில் வதனாவின் லண்டன் சித்தி மகள் போனில் சொல்லியிருக்கிறாள்: அந்த உரிமை உள்ளவர்கள் தொடர்ந்து ஐந்து வருசம் வெளியே நின்றால் அது போய்விடும், அதற்குள் ஒரு நாளாவது போய் மண்ணை மிதிக்க வேண்டும்.

வதனா நகைக்கடைக் கலண்டரை எடுத்து, நாங்கள் வந்த திகதிக்கு முதல் கிழமை ஒரு வட்டம் போட்டாள். அது ஒரு வியாழக்கிழமை. பிறகு பஞ்சாங்கம் பார்த்து வட்டத்தைப் புதனுக்கு மாற்றினாள். மற்ற விசயங்களில் இங்கிலாந்துக்காரி, நல்லநாள் பார்ப்பதில் மட்டும் ஊர்க்காரி.

"ஒரு நாள் போதும். போலினைப் பாத்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். உரிமை போகாமல் நிண்டால் பிறகொரு நாள் போய் இருக்கலாம். நீங்கள் பென்சன் எடுத்தாப்பிறகு" என்றாள். போலின் என்பது கடைக்கு எதிர்வீட்டுக் கிழவி.

வதனா அந்த இரண்டு மாதமும் பாட்டாகப் பாடிக்கொண்டு திரிந்தாள். நான் கலண்டர் தொங்கிய சுவர்ப் பக்கம் திரும்பாமல் திரிந்தேன்.

முதலில் கண்டுபிடித்தது மயூரி. அவளுக்கு இப்போது இருபது. எங்கள் வீட்டு மொழிக் கணக்கு இப்படி: தாய் அவளோடு இங்கிலீசில் கதைப்பாள், நான் தமிழில் கதைப்பேன், அவள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அந்தக் கிராமத்தைப் பற்றி அவளிடம் கேட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் என்பாள், அதோடு கதை முடிந்தது. ரிக்கற் எடுக்க உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கிலாந்து அரசாங்கத்தின் தளத்தில் அம்மாவின் பாஸ்போட் நம்பரைப் போட்டால் ஒரு உரிமையும் இல்லையென்று வருகிறது. உங்களுடையதும் இல்லை. என்னுடையதும் இல்லை" என்றாள் பிரெஞ்சில்.

நான் கதவைச் சாத்தினேன். "மெல்லக் கதை" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். எனக்கு வேண்டாம், எனக்கு அந்த ஊர் தேவையில்லை, ஆனால் அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்றாள். "நான் சொல்ல மாட்டேன். இது உங்கள் தொசியே."

சுற்றுலாப் பயணியாகப் போகிறவர்களுக்கு இப்போது ஒரு அனுமதி இருக்கிறது, அதையும் போனில்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எடுத்தேன். வதனாவின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. "இதென்னத்துக்கு?" என்றாள். "உரிமையைப் புதுப்பிக்கிறதுக்கு" என்றேன். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனுக்கு முன் சிரித்தாள். பத்து நிமிசம்தான் பிடித்தது.

என் திட்டம் சுருக்கமானது. கார் து நோர் நிலையத்திலேயே இங்கிலாந்துக்காரர் பாஸ்போட் பார்த்துவிடுவார்கள். அங்கே இப்போது மெசின் இருக்கிறது, பாஸ்போட்டை வைத்தால் கதவு திறக்கும். வாய் பேச வேண்டியதில்லை. அவள் போவாள், தேத்தண்ணி குடிப்பாள், மண்ணை மிதித்தோம், உரிமை தப்பிவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பி வருவாள். இன்னொரு ஐந்து வருசத்தை ஓட்டலாம். மற்ற ஆட்களுக்காக இதைவிடக் கேவலமான திட்டமெல்லாம் போட்டிருக்கிறேன்.

5

புதன்கிழமை காலை. வதனா கரும்பச்சைக் கோட்டும், கையில் பலகாரப் பெட்டியும். போலினுக்குப் பயத்தம்பணியாரம்.

பிரெஞ்சுப் பொலிசைத் தாண்டி, மெசின் வரிசைக்கு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறினாள்.

"மெசினோடை என்ன கதைக்கிறது? ஐஞ்சு வருசமா நான் ஒரு வெள்ளைக்காரியோடை இங்கிலீசு கதைக்கேல்லை. அங்கை ஆள் இருக்கு, வாங்கோ."

இதை நான் யோசிக்கவேயில்லை. எத்தனை கந்தோர், எத்தனை கவுண்டர். ஆளைக் கண்டால் மெசினுக்கு ஓடுகிற சனத்தைத்தான் எனக்குத் தெரியும். மெசினை விட்டு ஆளிடம் போகிற ஒருத்தி என் வீட்டில் இருந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண். வதனா "குட் மோர்னிங்" சொன்ன விதத்தில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதென்னவோ அந்தக் கிராமத்து இழுவை வதனாவின் வாயில் அப்படியே இருந்தது. எவ்வளவு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சுற்றிப் பார்க்க இல்லை" என்றாள் வதனா. "எனக்கு அங்கே இருக்கிற உரிமை உண்டு. ஐந்து வருசம் முடிய முதல் வருகிறேன்."

அந்தப் பெண் கணினியைத் தட்டினாள். பாஸ்போட்டைத் திரும்ப ஒருதரம் வைத்துப் பார்த்தாள். பிறகு, ஒரு நோயாளியோடு கதைக்கிற மாதிரிப் பணிவாக, அப்படி ஒன்றும் பதிவில் இல்லையே அம்மா, நீங்கள் விண்ணப்பித்ததாகவே இல்லை, சுற்றுலா அனுமதிதான் இருக்கிறது, அது சரியாக இருக்கிறது, நீங்கள் போகலாம் என்றாள்.

வதனா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் போடேல்லையோ?"

எனக்குக் காரணம் வரவில்லை. வாயிலே ஆயிரம் காரணம் வைத்திருக்கிறவன். நாரிப்பிடிப்பும் வரவில்லை, துக்கவீடும் வரவில்லை.

"இல்லை" என்றேன்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வதனா கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள்: "ஒரு நாள். இரவே திரும்பிவிடுவோம்."

எனக்கு அந்த இடத்தில் நிலம் பிளந்து உள்ளே போயிருக்கலாம் போல இருந்தது. வெட்கம் என்று சொன்னால் அது சின்னச் சொல்.

6

ரயில் கடலுக்கடியால் போனபோது அவள் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். லண்டனில் இறங்கி, ரயில் மாறி, பிறகு டாக்சி பிடித்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் கழிந்துவிட்டது. எங்கள் கடை ஒரு வீடாகிவிட்டிருந்தது. கண்ணாடிக்குள் கடைப் பெயருக்குப் பதிலாக ஒரு பூனை படுத்திருந்தது.

போலின் கதவைத் திறந்தாள். வதனா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போனாள். யாரும் சொல்லாமலே சரியான அலுமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்தாள், நீல வரி போட்டதைப் போலினுக்கும், விளிம்பு உடைந்ததைத் தனக்கும். நான் நின்ற இடத்தில் நின்றேன். அந்த வீட்டில் எனக்குக் கோப்பை இல்லை. போலின் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்துவிட்டு, "மன்னிக்க வேண்டும், உங்கள் பெயர் மறந்துபோயிற்று" என்றாள்.

அவள் மேல் பிழை இல்லை. ஒன்பது வருசமும் அந்த ஊரில் நான் வதனாவின் புருசன். அவர்களுக்கு என் இங்கிலீசு விளங்காது. சாமான் இறக்கிறவன், பின்பக்கம் நிற்கிறவன். யாரும் ஒரு கடிதத்தையும் என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. காட்டியது வதனாவிடம். கண் தெரியாத கிழவர்களுக்குக் கவுண்டரில் வைத்து அவள்தான் கடிதம் வாசித்தாள், தேவாலயத்துச் சந்தையில் ஊறுகாய் மேசை அவள்தான் நடத்தினாள், சமைக்கிற அப்பிளில் அவள் போட்ட சட்னிக்கு ஒரு வருசம் முதற் பரிசும் கொடுத்தார்கள். அவள் வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டு சந்தோசமாக இருந்தாள். நான் குறை சொல்லாமல் அந்த ஊரை வெறுத்தேன். லா சப்பலில் மெத்ரோப் படியில் கால் வைத்தால் நாலு பேர் "அண்ணை" என்று கூப்பிடுகிற ஆள் நான். அங்கே செம்மறிகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போலின் கேட்டாள், "ஒரேயடியாக வந்துவிட்டீர்களா?"

"இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக" என்றாள் வதனா. "இவரை விட்டு வர முடியாது. பாரிசில் எங்கள் ஆட்களுக்கு இவர்தான் எல்லாக் கடதாசியும் போட்டுக் கொடுக்கிறவர். ஒரு நாள் இல்லாவிட்டால் சனம் தவித்துப் போகும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போலின் மரியாதையோடு என்னைப் பார்த்தாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

7

திரும்பி வந்து மூன்று நாள், நாலு மணிக்குக் கேத்தில் ஏறவில்லை. நான் ஒரு நாள் நானே போட்டுப் பார்த்தேன், அவள் குடிக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குறையே சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மயூரி தாய்க்குப் பக்கத்தில் இருந்து முதல்தரமாக இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போனால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள்.

நாலாம் நாள் பின்னேரம் கடையில் வழமையான சனம். பிரிபெக்சர்க் கடிதத்தோடு ஒரு பெடியன், ஓய்வூதியத் தொசியேயோடு புதுச்சேரிக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பெண்கள். புதுச்சேரிக்காரருடையதை முடித்து நிமிர்ந்தேன். வரிசையில் அடுத்த ஆளாக வதனா நின்றாள். கையில் மயூரியின் மடிக்கணினி. எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாள், தெரியாது.

வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"பிந்தினாலும் போடலாமாம். மயூரி பாத்துச் சொன்னவள். எல்லாம் நிரப்பியாச்சு. ஒரு பெட்டி மட்டும் இருக்கு."

நான் பார்த்தேன். எல்லாவற்றையும் தானே நிரப்பியிருந்தாள், என்னைவிடத் திருத்தமாக. ஏன் உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை, காரணத்தை எழுதுக என்ற பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. இப்படிப் பிந்திப் போட்ட விண்ணப்பங்கள் என்ன ஆகின்றன என்று எனக்குத் தெரியும். நிராகரிப்பதுதான் அதிகம், ஒன்றிரண்டு தப்பும். அதைச் சொன்னேன்.

"அது அவையின்ரை வேலை" என்றாள். "நீங்கள் எழுதுங்கோ."

"வீட்டை போய் எழுதுவமே. சனம் நிக்குது."

"நானும் சனம்தானே. வரிசையிலை நிண்டுதான் வந்தனான்."

கடை அடங்கிப்போய் இருந்தது. பெடியன் போனைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். நான் தட்டத் தொடங்கினேன். சமூகத்தில் பரவிய தவறான தகவல் காரணமாக, பிரெஞ்சுப் பிரஜாவுரிமையை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தினால். நல்ல காரணம், அதிகாரிகள் நம்பக்கூடிய காரணம். என் கைகள் அதைத் தாமாகவே எழுதின.

அவள் எட்டி வாசித்தாள். "அந்தக் கதை பொய்யெண்டு பதினாறு பேருக்குச் சொன்னது ஆர்?"

அழித்தேன். கடை கைமாறிய நேரம், குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அவள் மறுபடி எட்டி வாசித்தாள். நானே அதையும் அழித்தேன். வெறும் பெட்டிக்குள் எழுத்துக்குக் காத்திருக்கிற கோடு மின்னி மின்னி நின்றது. அவளைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, எந்தக் கந்தோரிலும் பதில் கேட்டுக் காத்திருக்கிறவர்களின் முகம்தான் இருந்தது.

எழுதினேன். என் இங்கிலீசில், பிழை இருந்தால் இருக்கட்டும் என்று: என் மனைவி விண்ணப்பிக்கச் சொன்னார். நான் செய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த ஊரில் அவருக்கு நான் தேவைப்படவில்லை. என்னை விட்டுப் போவதற்கு அவருக்கு ஓரிடம் இருப்பதை நான் விரும்பவில்லை.

வதனா கணினியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. பிறகு கணினியை மறுபடி என் பக்கம் தள்ளினாள்.

"கிடைச்சால் போயிடுவீரோ?" என்று கேட்டேன். சனத்துக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அவள் எழும்பிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள்.

"முதல்லை அனுப்புங்கோ" என்றாள்.

அனுப்பினேன்.